ஐப்பசிக்கு முன்னால் அந்த மழைநீர்க் குழி மூடியைத் திறந்து பாருங்கள்

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் சுமார் 1,30,000 லிட்டர் விழும். அப்படி இருபது மாடி சேர்ந்தால் அந்த ரயில் தண்ணீர் வந்துவிடும். உங்கள் தெருவில் இருபது மாடி இருக்காதா?

மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-லேயே அவசரச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் மடிப்பாக்கம் அடுக்ககத்திலும் கட்டட வரைபடத்தில் மழைநீர்க் குழி இருந்தது. அதை நம்பிப் பல வருடம் நிம்மதியாக இருந்துவிட்டோம். போன புரட்டாசியில் கொத்தனாரை வைத்து மூடியை நெம்பித் திறந்தோம். உள்ளே உடைந்த டைல்ஸ், இறுகிப்போன சிமென்ட் மூட்டை, பால் கவர். மாடியிலிருந்து இறங்கிய குழாயோ குழிக்கு ஒரு அடி மேலேயே நின்றுவிட்டது. கட்டியவர் இணைக்கவே இல்லை. இத்தனை மழையும் நேராகத் தெருவுக்குத்தான் போயிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மிக்ஜாம் புயலில் அதே தெருவில்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தோம், அடுத்த சித்திரையில் அதே தெருவில்தான் லாரிக்குக் காத்திருந்தோம்.

குப்பையை அள்ளி, உறை இறக்கி, அடியில் கருங்கல்லும் மேலே ஜல்லியும் மணலும் போட்டுக் குழாயை இணைத்தோம். மூன்று நாள் வேலை. இந்த வருடம் போர்வெல் வற்றவில்லை என்று சொல்ல மாட்டேன், வற்றியது. ஆனால் பங்குனியில் கைவிடுகிற போர் வைகாசி வரை தாங்கியது.

போரை இன்னும் ஆழமாகப் போடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். பக்கத்து அடுக்ககமும் போடும், அப்புறம் இரண்டுக்கும் தண்ணீர் இருக்காது. லாரித் தண்ணீரும் மாயமாக வருவதில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் யாரோ ஒரு விவசாயியின் ஊர்க் கிணறு அதற்காக இறங்குகிறது. நாம் தெருவில் விட்ட மழைக்கு அந்த ஊர் ஏன் காய வேண்டும்?

வீட்டுக்கு வீடு மீட்டர், ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரைப் பிடித்துத் தரை துடைப்பது, இதையெல்லாம் அடுத்தடுத்துப் பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கடப்பாரையோடு நான்கு பேர் கீழே இறங்குங்கள். மூடியைத் திறந்ததும் ஒரு குடம் தண்ணீரை மாடிக் குழாயில் ஊற்றச் சொல்லி, அது குழிக்குள் வந்து விழுகிறதா என்று நின்று பாருங்கள்.

அன்புடன்,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு சங்கச் செயலாளர்