மேலூர், உசிலை, ஒத்தக்கடை வகையறாவுக்கு, கோரிப்பாளையத்துக்காரன் எழுதுறது

மேலூர், உசிலை, ஒத்தக்கடை, திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான், அனுப்பானடி... காலேஜ்லருந்து ஊர்ப் பேராலயே கூப்பிட்டுப் பழகின ஏழு பேருக்கும்.

அத்தா, அதான் எங்கப்பா, மௌத்தாகி நேத்தோட நாப்பது நாள். நேர்ல நன்றி சொல்ல வந்தா, "போடா கிறுக்கா"ன்னு டீ கிளாஸைக் கையில திணிச்சு வாயை அடைச்சிருவீங்க. அதான் ஊரே பாக்குற மாதிரி எழுதிட்டேன். இதுல யாரும் குறுக்க பேச முடியாது.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மேலூருக்கு மட்டும்தான் போன் அடிச்சேன். விடியக்கால சுபுஹு பாங்கு சொல்றதுக்குள்ள ஏழு பேரும் வாசல்ல நின்னீங்க. சோழவந்தான் ஐஸ் பெட்டிக்குச் சொல்லவான்னு கேட்டான். மதியம் லுஹர் தொழுகையோட அடக்கிருவோம்னதும், "அப்ப தகவல் சொல்ற வேலையை நான் பாக்குறேன்"னு என் போனை வாங்கிக்கிட்டுத் திண்ணையில உக்காந்துட்டான். மாலை வாங்கக் கிளம்பின வாடிப்பட்டி பாதி வழியில வண்டியை நிப்பாட்டி, "உங்க வீட்ல மாலை போடுவாங்களாடா?"ன்னு போன்ல கேட்டான். பழக்கமில்லன்னேன். சரின்னு திரும்பி வந்து பந்தலுக்குக் கயிறு பிடிச்சான்.

அத்தாவை வச்ச சந்தூக்கைத் தூக்குற நேரம். "நாங்களும் தோள் குடுக்கலாமா?"ன்னு உசிலை கேட்டது என்கிட்ட இல்ல, எங்க பெரியத்தாகிட்ட. அவர் அவனை ஏற இறங்கப் பாத்துட்டு, "உயரம் சரியா இருக்கு, முன்னால வா"ன்னார். மேலூர் தலையில ஒரு கட்டம் போட்ட கைக்குட்டை, நாலு முனையிலயும் முடிச்சு. அது நழுவிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கை சந்தூக்குல, ஒரு கை தலையில. அந்தத் தெரு முழுக்க நான் அழுதுக்கிட்டே வந்தேன், ஆனா கண்ணு மட்டும் அந்தக் கைக்குட்டை மேலயே இருந்துச்சு. மையவாடியில மூணு பிடி மண் போடணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. பக்கத்துல நின்ன சின்னப் பையனைப் பாத்துப் பாத்துப் போட்டான். போட்டு முடிச்சும் கையைத் தட்டல, ரொம்ப நேரம் மூடியே வச்சிருந்தான்.

அம்மா இப்ப இத்தாவுல இருக்காங்க. புருஷன் மௌத்தானா வெளி ஆம்பளைங்க முன்னால வராம வீட்டோட இருக்குற காலம், 4 மாசம் 10 நாள். அனுப்பானடி ஞாயித்துக்கிழமையானா வந்துருவான். அவன் வாசலோட நின்னுக்குவான், கூட வர்ற அவன் வீட்டுத் தங்கச்சிதான் உள்ள போய் அம்மாகூட உக்காந்திருக்கும். "என்னடா, என் கையால சாப்பிட்டு வளர்ந்தவன் உள்ள வர மாட்டேங்குறான்"னு அம்மாவே ஒரு நாள் கேட்டாங்க, கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அத்தா போனதுக்கப்புறம் அவங்க சிரிச்சது அன்னைக்குத்தான்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பெருசாத் தெரியுதுன்னு உங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

காலேஜ்ல சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் ஊர்ப் பேர் வச்சாச்சு. எனக்கு மட்டும் பாய். எனக்கும் ஊர் இருக்கே, தர்காவுக்குப் பின்னாடி நாலாவது சந்து, அதை ஒருத்தனும் கேக்கல. பாய்ங்கிறது ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்ல. டீக்கடைக்காரர் கூப்பிட்டா மரியாதையாத்தான் இருக்கு. பதினஞ்சு வருஷம் கூடவே சுத்துறவன் கூப்பிட்டா, இன்னும் பேர் தெரியாதவன் கூப்பிடுற மாதிரி இருக்கும்.

2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு முஸ்லிம்கள் 5.86 சதவீதம். எட்டுல ஒருத்தன்னா 12.5, நம்ம கூட்டம் சராசரியைத் தாண்டிருச்சுன்னு திருமங்கலம் ஒரு தடவை கணக்குப் போட்டான். நானும்தான் சிரிச்சேன். சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறப்ப ஆழ்வார்புரத்துல நிப்போம். "பாய், அழகர் உங்க துலுக்க நாச்சியாரைப் பாக்கத்தான்டா வண்டியூர் போறாரு"ன்னு வருஷா வருஷம் யாராவது சொல்லுவீங்க. எங்க தர்கா கும்மட்டத்துக்கு அழகர்மலைக் கல்லுன்னு சொல்லுவாங்கடான்னு நானும் என் பங்குக்குச் சொல்லுவேன். அப்புறம் நீங்க நீர்மோரைக் குடிச்சிட்டு, தண்ணி பீய்ச்சுறவங்களை வேடிக்கை பாத்துக்கிட்டு சும்மா நிப்பீங்க. நான் மட்டும் ஒற்றுமைக்குச் சாட்சியா நிக்கணும். இந்தியா பாகிஸ்தான் மேட்ச்னா இன்னும் மோசம். அவங்க விக்கெட் விழுந்தா உங்க எல்லாரையும்விட ஒரு தட்டு சத்தமாத் தட்டுவேன். யாரும் தட்டச் சொன்னதில்ல.

2025 பிப்ரவரியில, கோயிலும் தர்காவும் இருக்குற திருப்பரங்குன்றம் மலையைப் பத்தின சண்டைப் பேச்சு ஊரெல்லாம் ஓடுச்சு, தடை உத்தரவெல்லாம் போட்டிருந்தாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தன் ஒரு வீடியோவைப் போட்டான். யாருன்னு எழுத மாட்டேன். அஞ்சு நிமிஷத்துல அழிச்சுட்டான். நான் பாத்துட்டேன். அதுக்கப்புறம் மூணு நாள் குரூப்புல ஒரு சத்தம் இல்ல. வீடியோவைக்கூட மறந்திருப்பேன், அந்த மூணு நாள்தான் தாங்கல. வெளியேறிட்டேன்.

மறுநாள் தெப்பக்குளத்துச் சுவர்ல உக்கார வச்சு, "நாங்க என்னைக்குடா உன்னைப் பிரிச்சுப் பாத்தோம்?"னு ஆளாளுக்குக் கேட்டீங்க. நமக்குள்ள வித்தியாசமே இல்லன்னு பதினஞ்சு வருஷமாச் சொன்னதுதான் என் வாயைக் கட்டிருச்சுன்னு அப்பத்தான் சொன்னேன். வித்தியாசமே இல்லன்னு சொல்றவன்கிட்ட எதைப் போய்ச் சொல்றது? உசிலை மட்டும், "வேற என்னெல்லாம்டா?"ன்னு கேட்டான். அந்தக் கைதட்டலைச் சொன்னேன்.

அப்பத்தான் ஒத்தக்கடை வாயைத் திறந்தான். "உனக்குப் பேர் சொன்னாலே தெரிஞ்சிரும். எங்கிட்ட ஊரைக் கேட்டுட்டு அப்புறம் எந்தத் தெருன்னு கேப்பாங்க." அவ்வளவுதான் சொன்னான். எட்டுப் பேர்ல அவன் வீட்டுல மட்டும் நாம யாரும் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. நானும் சாப்பிட்டதில்ல. நான் மட்டும்தான் ஒத்தை ஆளுன்னு அத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

பாலம் வேலை தூசி அத்தாவுக்கு ஒத்துக்கலன்னு வீடு தேடினப்ப, ஒத்தக்கடைதான் மூணு ஞாயித்துக்கிழமை கூட அலைஞ்சான். பேர் கேக்குற வரைக்கும் எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. கேட்டதும், மகனுக்கே விட்டுட்டோம், சைவம் சாப்பிடுறவங்களுக்குத்தான்னு ஏதாவது ஒண்ணு. ரெண்டாவது வாரத்துலருந்து அவனே போன் போட்டு, "வணக்கம்ண்ணே, முஸ்லிம் குடும்பம், மொத்தம் நாலு பேர், கறி சமைப்பாங்க, வந்து பாக்கலாமா?"ன்னு எடுத்த எடுப்புல கேட்டுருவான். ஏன்டா இப்படின்னா, "பெட்ரோலாவது மிச்சமாகும்ல"ங்குறான். அப்படிக் கேட்டு, வாங்கன்னு சொன்ன ஒரு வீட்டுலதான் அத்தா கடைசி ஏழு மாசம் மூச்சு வாங்காம வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தார்.

இப்ப உங்க போன்ல எல்லாம் நான் 'கோரி'. வாடிப்பட்டிக்கு மட்டும் இன்னும் பாய்னு வாயில வந்துரும், உடனே நாக்கைக் கடிச்சுக்குவான். விடுடா, அவ்வளவு கடிக்காத.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒத்தக்கடை வீட்ல மதியச் சாப்பாடு. எட்டுப் பேரும். கோரி வர்றானேன்னு பிரியாணி சொல்லவான்னு கேட்டான். வேணாம், உங்கம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு போதும்னுட்டேன். பன்னெண்டரைக்கெல்லாம் வந்துருங்க.