பொம்மைக்கும் மொட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளில் வரும் பாத்திரங்களின் முகத்தையும் நிறத்தையும் மனம்போல மாற்றிப் பழகும் குழந்தைகள், நாளடைவில் தங்கள் சொந்த முகத்தையே வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், மாற்ற முடிகிறது என்பதையே அவர் குற்றமாகப் பார்க்கிறார். எதை மாற்ற விடுகிறார்கள், தொடக்கத்தில் எந்த முகத்தை எடுத்து நீட்டுகிறார்கள் என்பதையல்லவா பார்க்க வேண்டும்?

நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ‘சிம்ஸ் 4’ என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறாள். தன்னைப் போலவே ஒரு சிறுமியை அதில் உருவாக்கி, ஒரு வீட்டில் குடியமர்த்தி, ‘பொம்மை’ என்றே அழைக்கிறாள். சென்ற ஆண்டு பழனியில் முடிகாணிக்கை செலுத்திவிட்டு வந்த அன்று மாலையே கணினியைத் திறந்து, அந்த வீட்டிலுள்ள கண்ணாடியை அழுத்தி, பொம்மையின் இரட்டைப் பின்னலை எடுத்துவிட்டு, “தாத்தா, இவளுக்கும் மொட்டை போட்டாச்சு” என்று என்னிடம் காட்டினாள். அந்த விளையாட்டில் தலைமுடி தானாக வளர்வதில்லை. ஆகவே, சில வாரங்களுக்கு ஒருமுறை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஏறக்குறைய அதே அளவுள்ள முடியைத் தேடி எடுத்துப் பொம்மைக்கு வைத்தாள். இப்போது இருவருக்கும் காதை மறைக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. தன் முகத்தை வெறுக்கும் குழந்தை செய்கிற காரியமாக இது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கண்ணாடிக்கும் ஓர் எல்லை உண்டு. விளையாட்டின் நடுவே முடி, உடை, ஒப்பனை ஆகியவற்றைத்தான் அதன் வழியே மாற்றலாம். மூக்கையோ தாடையையோ உடல்வாகையோ தொட வேண்டுமானால் ‘சீட்’ எனப்படும் குறுக்குவழிக் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். (என் பேத்தியின் வகுப்பில் அதை அறியாத பிள்ளை இல்லையாம்.) 2016இல் வெளிவந்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டிலோ, ஊரில் உள்ள மந்திரவாதியோடு ஓரளவு நட்பு வளர்த்த பிறகே அவருடைய கோபுரத்தின் நிலவறைக்குள் நுழைய முடியும், அங்குள்ள பீடத்தில் 500 பொற்காசுகளைச் செலுத்தினால்தான் தோற்றம் மாறும். ஞாயிற்றுக்கிழமை சலூனில் காத்திருப்பதைவிட நீண்ட காத்திருப்புதான்!

இவற்றையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. நிறத்தின் கதைதான் வேறு. விலங்குகள் வாழும் ஊரில் நாம் குடியேறி வாழ்வதாக அமைந்த, நின்டெண்டோ நிறுவனத்தின் ‘அனிமல் கிராசிங்’ விளையாட்டு வரிசையில், 2012இல் ஜப்பானிலும் மறு ஆண்டு பிற நாடுகளிலும் வந்த ‘நியூ லீஃப்’ விளையாட்டைத் தொடங்கியதும், ரயிலில் நமக்கு எதிரே வந்து உட்காரும் ரோவர் என்ற பூனை சில கேள்விகளைக் கேட்கும். நாம் சொல்லும் பதில்களைக் கொண்டு முகம் அமைந்துவிடும். அதன்பின் அந்த முகத்தை மாற்ற வழியில்லை. தோலின் நிறத்தைப் பற்றியோ அந்தப் பூனை கேட்பதே இல்லை. எல்லோரும் வெளிர் நிறத்தில்தான் ரயிலைவிட்டு இறங்கினார்கள். மாநிறமாக வேண்டுமென்றால் கோடை வெயிலில் அலைந்து திரிந்து கறுக்க வேண்டும். குடை பிடித்தால் கறுக்காது. வெயிலுக்குப் போகாமல் இருந்தால் பழைய வெளுப்பு திரும்பிவிடும். “வெயில்ல அலையாதே, கறுத்துப் போயிடுவே” என்று நம் வீடுகளில் பெண் குழந்தைகளிடம் சொல்வதைத்தான் வேற்றுநாட்டு விளையாட்டொன்றும் சொல்லிக்கொண்டிருந்தது. கறுப்பு என்பது பிறந்த நிறமாக இருக்க முடியாது, வந்து ஒட்டிக்கொண்ட நிறம் என்ற எண்ணத்தை ஒரு குழந்தையின் மனத்தில் விதைக்க இதைவிட எளிய வழி இருக்கிறதா? 2020 மார்ச்சில் வந்த ‘நியூ ஹொரைசன்ஸ்’ இதை மாற்றியது. அதில் தோல் நிறத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். பின்னர் கண்ணாடி முன் நின்று, காசில்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கட்டுரையாளர் அஞ்சுகிற தடையற்ற மாற்றம் வந்தபோதுதான், கறுத்த குழந்தை தன் முகத்தோடு அந்த ஊருக்குள் நுழைய முடிந்தது.

‘சிம்ஸ் 4’ இதில் யோக்கியமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2014இல் வெளிவந்தபோது அதிலிருந்த அடர்நிறத் தோல்கள் எண்ணிக்கையில் குறைவு. இருந்தவையும் சாம்பல் பூத்தாற்போல் உயிரற்றுத் தெரிந்தன. விளையாடுபவர்கள் பல ஆண்டுகள் விடாமல் முறையிட்டார்கள். சிலர் பொறுமையிழந்து தாங்களே தோல் நிறங்களை வரைந்து பிறருக்கு இலவசமாகத் தந்தார்கள். 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய நிறங்கள் வந்து சேர்ந்தன. 2023 ஜனவரியில் காது கேட்கும் கருவியும் சர்க்கரை அளவைக் காட்டும் கருவியும் பொம்மைக்கு அணிவிக்கக் கிடைத்தன. காதில் கருவியோடு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அது சிறிய செய்தி அன்று.

எனக்கு உள்ள வருத்தம் வேறொன்று. 2022 அக்டோபர் முதல் ‘சிம்ஸ் 4’இன் அடிப்படை விளையாட்டு இலவசம். ஆனால், மும்பைத் தெருக்களின் உடையலங்காரத்தை மாதிரியாகக் கொண்டு 2021இல் வெளியிட்ட தொகுப்புக்குத் தனியே காசு கட்ட வேண்டும். மேல்நாட்டுச் சட்டையும் ஜீன்சும் விலையின்றிக் கிடைக்க, இந்த உடைக்குக் கடையில் நிற்க வேண்டியிருப்பதை என் பேத்தியே கவனித்துக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கட்டுரையாளர் இதே பொருளில் மீண்டும் எழுதுவதாக இருந்தால், இத்தகைய விளையாட்டு ஒன்றைத் தாமே ஒருமுறை திறந்து, முதல் திரையில் எந்த நிறத்து முகம் தம்மைப் பார்த்து நிற்கிறது, அதைத் தம் முகமாக மாற்ற எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது, எதற்கெல்லாம் பணம் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
தஞ்சாவூர்.