உப்பு மலையும் அழுகிற கண்ணாடியும்

அன்புள்ள மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஆச்சியும் தம்பியும் நலம். உன் நலம் அறிய ஆவல். ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து நான்கு நாளாகிறது. நோட்டீஸ் வேலை, நன்கொடை ரசீது வேலை எல்லாம் முடிந்து இப்போதுதான் அச்சகத்தில் சும்மா உட்கார நேரம் கிடைத்தது.

அந்தச் சாகசம் எழுதும் போட்டியைப் பற்றி "தோத்துட்டேன்ப்பா" என்று நீ போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது, அது உனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். போட்டிக்கு நீ எழுதிய இரண்டு சாகசங்களையும், அதாவது நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுகிற கதையாட்டத்துக்கான திட்டங்களையும், நடுவர்களின் விமர்சனத்தையும் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு ராத்திரி படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனாலும் ஒரு வரி விடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவர்கள் சொன்னது சரி. இரண்டாவது சுற்றில் நீ தோற்றது நியாயம்தான். ஆனால் முதல் சுற்றுக்கு நீ எழுதியது அசல் வேலை, மீனா. அதை நீயே சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆறு பொருள் கொடுத்தார்கள், ஆறும் சாகசத்துக்குள் வர வேண்டும். உடைந்த மணி, கடன்பட்ட பேய், உப்பு மலை, ஊமைத் தூதன், மூன்றாம் கலியாணம், காலாவதியான வரைபடம். 24 மணி நேரம், 750 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. படித்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உனக்கு எப்படி ஓடியது!

மலை உப்பை வெட்டி விற்கிற ஊர். கோயில் மணி அடித்தால்தான் அங்கே கலியாணம் செல்லும். மணி வார்க்கப் பணம் வாங்கியவன் வெள்ளியைத் தனக்கு எடுத்துக்கொண்டு தகரத்தைக் கலந்து வார்த்துவிடுகிறான். மணி விரிசல் விடுகிறது. அவன் செத்துப் பேயாகிறான். அந்த ஊருக்கு ஒரு மணி கடன்பட்ட பேய். உப்பைப் பேய் தாண்டாது என்பதால் மலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறான். ஒரு பெண்ணுக்கு இரண்டு கலியாணம் மணி ஒலிக்காமல் செல்லாமல் போய், மூன்றாவது நாளை விடியற்காலம். அதற்குள் மணியைச் சரிசெய்ய வேண்டும் என்று விளையாடுகிறவர்களுக்குக் கெடு. எல்லாம் தெரிந்தவன் வார்ப்புப் பட்டறை எடுபிடிப் பையன் ஒருவன்தான். மணி உடைந்த அன்று அவன் குரலும் போய்விட்டது. மணி ஒலித்தால்தான் குரல் திரும்பும்.

இதுவரை படித்தபோதே நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த வரைபடத்துக்கு வந்தபோது எழுந்து போய் அம்மாவை எழுப்பிவிட்டேன். ராத்திரி பதினொன்றரை மணி. உப்பை வெட்ட வெட்டச் சுரங்கப் பாதை மாறிக்கொண்டே போகும், அதனால் பழைய வரைபடம் மனிதருக்கு ஆகாது. ஆனால் பேய் தான் உயிரோடு இருந்தபோது நடந்த பாதையில்தான் நடக்கும்! பழைய வரைபடத்தைப் புதிய சுரங்கத்தின்மேல் வைத்துப் பார்த்தால், பேய் எந்தச் சுவர் வழியாக வரும் என்று தெரிந்துவிடும். காலாவதியானது என்பதால்தான் அது பயன்படுகிறது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் உனக்கு?

நம் கடையில் ஈய எழுத்து இருந்த காலம் உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். சேஸ் என்கிற இரும்புச் சட்டத்துக்குள் எழுத்தை அடுக்கி, சுற்றிலும் கட்டை வைத்து முடுக்குவோம். அப்புறம் ஒரு ஓரத்தை லேசாகத் தூக்கி, விரலால் தட்டிப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு ஸ்பேஸ் குறைந்தால் அந்த வரி மட்டும் ஆடும். அப்படியே தூக்கினால் பக்கம் முழுவதும் கொட்டிப்போகும். அச்சில் தெரியாத அந்தத் துண்டு ஈயம்தான் தெரிகிற எழுத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும். உன் உப்பு மலையை அப்படித் தட்டிப் பார்த்தேன். உப்பை எடுத்தால் பேய் வெளியே வந்துவிடும், யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. ஊமையை எடுத்தால் ரகசியம் முதல் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆறில் ஒன்றும் ஆடவில்லை.

இரண்டாவது சாகசத்தில், கொடுத்த பொருளில் ஒன்றான அழுகிற கண்ணாடி ஆடியது. அரசியின் அறையில் கண்ணாடி இருக்கிறது, அழுகிறது, அரசி செய்த குற்றத்தைக் காட்டுகிறது. "இதற்குப் பதிலாக மேசைமேல் ஒரு கடிதம் கிடந்திருந்தாலும் சாகசம் மாறியிருக்காது" என்று அந்த நடுவர் எழுதியிருந்தாரே, அதைப் படித்து நீ கோபப்பட்டாய். நான் இரண்டு தடவை யோசித்துப் பார்த்தேன். மாறியிருக்காதும்மா. ஏன் அழுகிறது? அந்தக் கண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? அதைத் துடைத்தால் என்ன ஆகும்? யாருடைய முகத்தைப் பார்த்து முதலில் அழுதது? ஒன்றுக்கும் உன்னிடம் பதில் இல்லை. கொடுத்த பொருளைப் பேருக்குச் சேர்த்திருக்கிறாய்.

இந்த மாதிரிப் போட்டி நமக்குப் புதிதில்லை என்று அன்றைக்கே சொல்ல நினைத்தேன். காளமேகப் புலவரிடம் 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடித்து முருகன்மேல் வெண்பா பாடச் சொன்னதாக ஒரு கதை உண்டல்லவா? சாமியைப் பாடுகிற பாட்டில் செருப்பையும் விளக்குமாற்றையும் எங்கே வைப்பது? அவர் ஒரு ஓரமாக ஒளித்து வைக்கவில்லை. 'செருப் புக்கு' என்று பிரித்தார். போர்க்களத்தில் புகுந்து என்று அர்த்தம் வந்துவிட்டது. கடைசியில் வண்டைக் கூப்பிட்டு, விளக்கிச் சொல் என்று முடித்தார். கம்போசிங் செய்கிறவனுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு ஸ்பேஸை எங்கே போடுகிறோம் என்பதுதான் எல்லாம். அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை. உன் வரைபடம் அந்த ஜாதி. கண்ணாடி அந்த ஜாதி இல்லை.

ஜப்பானில் 1993-இல் தொடங்கிய தொலைக்காட்சிச் சமையல் போட்டியைப் பார்த்துத்தான் உங்கள் போட்டியே பிறந்தது என்று நீ சொன்னாய். அன்றைய பொருளை அங்கேயே திறந்து காட்டுவார்களாம், ஒரு மணி நேரத்தில் எல்லாப் பதார்த்தத்திலும் அது இருக்க வேண்டுமாம். கத்தரிக்காய் கொடுத்தால் கத்தரிக்காய்தான் நாக்கில் நிற்க வேண்டும். சாம்பாரில் இரண்டு துண்டு மிதக்க விட்டால் போதாது. அம்மா இதைக் கேட்டவுடன் புரிந்துகொண்டாள்.

இன்னொரு குறையும் இருக்கிறது. அதை நடுவர்கள் ஒரு வரியில்தான் சொன்னார்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இரண்டாவதில் விளையாடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் நீயே எழுதிவிட்டாய். "வீரர்கள் கோபுரத்தில் ஏறுவார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், அரசியை எதிர்ப்பார்கள்." ஏறமாட்டேன் என்று சொன்னால்?

பொங்கலுக்கு வந்திருந்தபோது நம் வீட்டு முற்றத்தில் எங்களை உட்காரவைத்து ஆட்டம் நடத்தினாயே, அதை நினைத்துப் பார். அந்த நீலநிற இருபது முகக் கட்டையை அம்மா தாயக்கட்டை மாதிரி உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தாள். பாலத்தை மறித்து அரக்கன் நிற்கிறான், என்ன செய்கிறாய் என்று கேட்டாய். தம்பி வாளை எடுத்தான். அம்மா, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றாள். உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு உன் நோட்டில் பதில் இல்லை. ஆனால் நீ தடுக்கவில்லை. "சரிம்மா, உருட்டுங்க" என்றாய். கட்டை கிரைண்டருக்கு அடியில் ஓடிப்போய் 19-இல் நின்றது. அரக்கன் பாலத்தின்மேல் உட்கார்ந்து அழுதான், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னான். அம்மா இன்னமும் அவனைப் பற்றி விசாரிக்கிறாள். நீ எழுதி வைத்திருந்த சண்டையை விட அது எவ்வளவோ நன்றாக இருந்தது. அம்மா கேட்பதற்கு இடம் விட்டு எழுது.

நீ இருக்கும் மில்வாக்கியிலிருந்து ஒரு மணி நேரத்தில் லேக் ஜெனீவா போய்விடலாம் என்று சொன்னாயே, ஒரு நாள் போய்வா. கேரி கைகாக்ஸ் 1968-இல் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் எடுத்து முதல் ஜென் கான் என்ற ஆட்டக்காரர் மாநாட்டை நடத்தியது அந்த ஊரில்தான். டேவ் ஆர்ன்சனும் அவரும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தை வெளியிட்டபோது முதலில் அடித்தது 1000 பிரதி. மூன்று சின்னப் புத்தகம், ஒரு பெட்டி, விலை 10 டாலர். 1000 பிரதி என்பது நம் கடை அளவு வேலைம்மா. அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். மறு வருஷமே பால்டிமோரில் கைகாக்ஸ் எழுதிய ஒரே சாகசத்தை எல்லா அணிக்கும் கொடுத்து, யார் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தார்கள் என்று நீதானே சொன்னாய். அது ஆடுகிறவர்களுக்கு வைத்த போட்டி. உன்னுடையது ஆட்டத்தைச் செய்கிறவர்களுக்கான போட்டி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

உன்னைத் தோற்கடித்தவர் உனக்கு எழுதினாராமே, உப்பு மலையைத் தன் நண்பர்களோடு ஆடிப் பார்க்கப்போவதாக. அதை நீ போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாய். பரிசுப் பணம் இல்லை, கேடயம் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு மேசையில் நாலு பேர் உட்கார்ந்து உன் பேயைத் தேடப்போகிறார்கள். அவர் ஆடி முடித்ததும் என்ன நடந்தது என்று கேட்டு எனக்கு எழுது. அந்தப் பெண்ணின் கலியாணம் செல்லுபடியானதா என்று ஆச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இந்த உறைக்குள் மடித்து ஒட்டிய சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஆறு பொருள் எழுதினோம். ஆச்சி இரண்டு, அம்மா இரண்டு, தம்பி ஒன்று, நான் ஒன்று. சனிக்கிழமை வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரி. பிரித்த மணியைச் சீட்டின்மேலேயே குறித்துக்கொள், அதிலிருந்து 24 மணி நேரம். 750 சொல். தமிழில் எழுது, அப்போதுதான் ஆச்சி நடுவராக இருக்க முடியும். வந்ததும் கடையில் நானே கோத்து, எட்டுப் பக்கப் புத்தகமாக அடித்து வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா