ஏற்றுமதி ஷூவில் இருக்கும் குறி, உள்ளூர் செருப்பிலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பகுதிகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில் அப்பர் (மேல்பாகம்), லைனிங் (உள்பக்க உறை), சோல் (அடிப்பாகம்) ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று குறி இருக்கும். விரித்த தோல் படம் என்றால் தோல்; அதன் நடுவே சாய்சதுரம் என்றால் பூச்சு ஏற்றிய தோல்; வெறும் சாய்சதுரம் என்றால் ரெக்சின் (செயற்கைத் தோல்) போன்ற மற்றவை. அப்பரின் பரப்பில் 80 சதவீதமாவது தோலாக இருந்தால்தான் தோல் குறியை மட்டும் போடலாம். 1994-ல் வந்த ஐரோப்பிய விதி இது. அதே ஊர்க் கடைத்தெருவிலோ, 'லெதர்தான்' என்ற வாய்ச்சொல்லை நம்பித்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கிறது.

பி.யு. ரெக்சின் என்பது துணிமேல் ஏற்றிய பாலியூரித்தேன் பூச்சு. வியர்வையும் காற்றின் ஈரமும் அந்தப் பூச்சின் கட்டமைப்பையே அறுக்கும். போடாமல் பரணில் வைத்த ஷூகூட சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிவது இதனால்தான். பி.வி.சி. ரெக்சினில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியேறும். மடிப்பில் விறைத்து வெடிக்கும். சாதாரண ரப்பர் சொல்யூஷன் அதில் நிற்காது, பி.யு. பசைதான் வேண்டும். பழுது பார்ப்பவர் எத்தனை முறை ஒட்டினாலும் பிய்வதற்கு அவர் கைவேலை காரணமல்ல.

இன்னொரு ஏமாற்று, தோல் சீவல்களை அரைத்துப் பசையில் பிசைந்து தகடாக்கி, மேலே பூச்சு ஏற்றி விற்பது. வாசனை தோல்போலவே இருப்பதால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டு விளிம்பைப் பாருங்கள்: தோலில் நார் பின்னலாகத் தெரியும், ரெக்சினில் துணியும் பூச்சும் தனித்தனி அடுக்காக நிற்கும். கட்டை விரலால் அழுத்தினால் தோலில் நுண்சுருக்கம் ஓடும். மயிர்க்கண்கள் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருந்தால் அது அச்சு. தண்ணீர்ச் சொட்டுச் சோதனையை நம்ப வேண்டாம். பூச்சு ஏற்றிய நல்ல தோலும் நீரை உறிஞ்சாது.

செயற்கை என்பதாலேயே எதையும் ஒதுக்கச் சொல்லவில்லை. உணர்விழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காக்கும் எம்.சி.ஆர். செருப்பில் பாதம் படும் உள்தளமாக இருப்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர்தான். தோல் பதனிடும் கழிவால் பாலாறு பட்ட பாட்டையும், 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் இந்த மாவட்டத்தார் மறக்க முடியாது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டாலும் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆக வேண்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். செருப்பிலும் பில்லிலும் அப்பர் எது, லைனிங் எது, சோல் எது என்று எழுதச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த வேண்டும். பில்லில் 'செருப்பு 1 ஜோடி' என்று மட்டும் இருந்தால், ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்தில் எதைக் காட்டி வழக்குத் தொடுப்பார்?

இப்படிக்கு,
காலணித் தொழிலாளர்கள் சிலர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்