பிளேன் மாமாவத் தேடித் தந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஒவ்வொருத்தருக்கா கோல் எடுத்துச் சொல்லி முடியாது, அவ்வளவு பேர் உதவியிருக்கிறீங்க, அதான் பொதுவா எழுதுறன்.

எங்கட பெத்தாட தம்பி, அம்மாவங்களுக்கு மாமா, வீட்டுல பேரே பிளேன் மாமாதான். பேராதனை விவசாயப் பாடசாலையில படிச்ச பொடியன், வந்து படுவான்கரை வயலப் பாப்பான் எண்டு எல்லாரும் இருக்க, ரெண்டாம் உலக யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டு பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப்புல சேர்ந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டார், பிறகு வந்தது காணல்ல எண்ட தந்திதான். அந்தத் தந்தியும் கடிதங்களும் 1978 சூறாவளியோட போயிட்டு. மிஞ்சினது ஒரு போட்டோவும் அவர்ர படிப்புக் கொப்பியும்.

போட்டோவ ஸ்கேன் பண்ணிப் பெருப்பிச்சுத் தந்த கல்லடி ஸ்டூடியோத் தம்பிக்கு முதல் நன்றி. அதுக்குப் பிறகுதான் நெஞ்சில இருந்த ஒத்தைச் சிறகு பேட்ச்சில ‘ஏ.ஜி’ எண்ட எழுத்துத் தெரிஞ்ச. லண்டன் மச்சான் பாத்திட்டு, மாமா பைலட் இல்ல, எயார் கன்னர், அதாவது பிளேனுக்குள்ள இருந்து துவக்குச் சுடுறவர், பைலட் எண்டா ரெண்டு சிறகு இருக்கும் எண்டார். பெரியம்மா இன்னும் ஒத்துக்கொள்ளல்ல, அது வேற கதை.

மச்சான் லீவு போட்டு லண்டன் கியூவில இருக்கிற ஆவணக் காப்பகத்துல கிடந்து மாமாட ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பதிவேட்டத் தேடிப் பிடிச்சவர். லங்காஸ்டர் எண்ட குண்டு போடுற பிளேன், ஏழு பேர், 1944 ஜனவரி, பேர்லின். வெளிக்கிட்ட நேரம் எழுதியிருக்கு, இறங்கின நேரம் எழுதுற இடம் வெறுமையாக் கிடக்கு. ஆர்.ஏ.எஃப்பிட குண்டுவீச்சுப் பிரிவு பாம்பர் கமாண்டில மட்டும் 55,573 பேர் செத்தவங்க எண்டு முந்தியே வாசிச்சிருக்கிறன், ஆனா அந்த வெறும் கட்டத்தப் பாத்தபிறகு எனக்குப் பேச்சு வரல்ல. உடம்பு கிடைக்காததால பேர் இங்கிலாந்து ரனிமீட் நினைவுச்சின்னத்துல இருக்கு, அங்க மட்டும் 20,000 பேருக்கு மேல. அதுக்குள்ள தேடிப் படம் பிடிச்சு அனுப்பின மச்சான்ட மகளுக்கும் நன்றி, மகள்.

கொப்பிய ஒரு தாளும் கிழியாமப் படம் பிடிச்சுத் தந்த விவசாய டீச்சர மறக்க ஏலாது. சீனட்டி நெல்ல வீசி விதைக்காம நாத்து நட்டா எவ்வளவு வரும் எண்டு எங்கட வட்டைய (வயல் வெளிய) போட்டே கணக்குப் பாத்திருக்கிறார் மனுசன், ஓரத்துல பென்சிலால ‘அப்பா விடமாட்டார்’ எண்டு. வாசிச்சிட்டு டீச்சரும் நானும் விழுந்து விழுந்து சிரிச்ச, ஏனெண்டா எங்கட அப்பாவும் விடமாட்டார். அது இப்ப எந்தக் காணி எண்டு வரம்பு வரம்பா நடந்து காட்டின, வயல் காரியம் பாக்கிற வட்டவிதானை ஐயாவுக்கும் கோடி நன்றி.

செத்த நாள் தெரியாததால இவ்வளவு காலமும் ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில்ல மத்தாக்களோட சேத்துத்தான் அவருக்கும் எள்ளும் தண்ணியும் இறைச்சு வந்தம். இப்ப கோயில் ஐயர் பழைய பஞ்சாங்கம் தேடியெடுத்துத் திதி குறிச்சுத் தந்திட்டார். வாற தை மாசம் வீட்டுல திவசம், பகல் சாப்பாடு எங்கடதான், பேர் விட்டுப்போன ஆக்களும் கோவிக்காம வாங்க. கொப்பிய மேசையில வைப்பன், சோறு தின்ன கையோட மட்டும் தொட்டிராதீங்க.