பின்னாலிருந்து எண்ணும் நாள்கள்

காரைக்குடி

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விலக்கு தொடங்கியதிலிருந்து 21ஆம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில், முட்டை வெளிவந்தபின் கூடும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைவாக இருந்ததால் மருமகளுக்குக் கருமுட்டையே வெளிவரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், அவள் இரண்டு நாளாகச் சோற்றில் கை வைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். என் மகளுக்கும் முதலில் இதையேதான் சொன்னார்கள்.

அவளுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை விலக்கு வருகிறது என்று கேட்டாயா? 21ஆம் நாள் என்பது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கான கணக்கு. என் மகளுக்கோ 35 நாள். முட்டை முதிரும் முன்பாதிதான் ஆளுக்கு ஆள் பெரிதும் நீளும், குறையும். முட்டை வெளிவந்தபின் அடுத்த விலக்கு வரையுள்ள பின்பாதி ஏறக்குறைய 14 நாள்தான், ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். ஆகையால் என் மகளுக்கு முட்டை வெளிவருவதே 21ஆம் நாளை ஒட்டித்தான். வெளிவந்த இடத்தில் உண்டாகும் மஞ்சள் நிறத் திசு புரோஜெஸ்டிரோனைச் சுரந்து உச்சத்துக்குக் கொண்டுவர மேலும் ஒரு வாரம் பிடிக்கும். 28ஆம் நாள் மறுபடி இரத்தம் எடுத்தபோது அளவு சரியாகவே இருந்தது.

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாவுக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்த நோட்டை, வளவுத் (வீட்டு உள்முற்றத்துத்) தூணோரம் உட்கார்ந்து அவள் என்னிடம் காட்டினாள்: 36.3, 36.4, 36.3 என்று நின்ற வெப்பம் 22ஆம் நாள் 36.7க்கு ஏறி, பிறகு இறங்கவேயில்லை. ஆனால் இந்த ஏற்றம் முட்டை வெளிவந்த பிறகே தெரிவது. அதற்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும்போது பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல் வழுவழுப்பான திரவம் வரும். கரு உண்டாக அந்த நாள்களே முக்கியமானவை. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள். என் மகளும் மருமகனும் ஓராண்டாக 14ஆம் நாளையே நம்பிக் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

சுற்று ஒவ்வொரு மாதமும் மாறிமாறி வந்தால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்க்கச் சொல். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளதா என்றும் கேட்கச் சொல். உன் மகனுக்கும் விந்துப் பரிசோதனை செய்யவேண்டும். அதைத் தள்ளிப்போட விடாதே. பிள்ளையார் நோன்புக்கு வரும் பங்காளி வீட்டார் "முழுகாமல் இருக்கிறாளா?" என்று அவளைக் கேட்குமுன் நீ முந்திக்கொண்டு பேச்சை மாற்று.

என் மகளுக்கு இன்னும் கூடவில்லை. ஆனால் முட்டை வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் முகம் தெளிந்திருக்கிறது. மருமகளிடம் கடந்த ஆறு மாத விலக்குத் தேதிகளை வாங்கி எனக்கு எழுது.

உன் அன்புத் தோழி,
சிவகாமி