சமைத்த நேரத்தை எழுதி வையுங்கள்: வட்டாரத்து இந்திய உணவுக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை முதலாளிகளுக்கும், அடுப்படியில் நிற்கும் அண்ணன்மார் அக்காமார்களுக்கும்,

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே, காப்பிக்கடை மூலையில், உணவங்காடி நிலையத்தில், லிட்டில் இந்தியா எனும் தேக்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் கடை போட்டு எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் நீங்கள். நான் ஈசூன்வாசி. வீட்டில் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். வாரத்தில் பாதி நாள் உங்கள் கடைச் சாப்பாடுதான். அந்த உரிமையில் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன்: கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அந்த ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் அதை அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை எழுதி வையுங்கள்.

உங்கள் கடைகளைப் பற்றிய பேச்சு எங்கள் வட்டாரத்தில் ஓய்வதே இல்லை. மின்தூக்கியில் நடக்கும், கோயிலில் அன்னதான வரிசையில் நடக்கும், பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது நடக்கும். "அந்தக் கடை மீன்குழம்பு மாதிரி வராது" என்பார் ஒருவர். "அங்கயா? போன தடவை சாப்பிட்டு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல" என்பார் அடுத்தவர். இருவரும் பேசுவது ஒரே கடையைப் பற்றித்தான். நாக்கு ஆளுக்கு ஆள் வேறு என்று இதைத் தள்ளிவிடுவோம். ஆனால் கொஞ்சம் கிண்டிக் கேட்டால் விஷயம் வேறாக இருக்கிறது. முதலாமவர் பணி ஓய்வு பெற்றவர், பதினொன்றரை மணிக்கெல்லாம் போய்விடுகிறவர். இரண்டாமவர் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கி, எட்டரைக்குப் பொட்டலம் கட்டுகிறவர். ஒரே பெயர்ப்பலகையின்கீழ் காலையில் ஒரு கடையும் இரவில் இன்னொரு கடையும் நடக்கின்றன. எங்கள் சண்டை பாதிக்குப் பாதி கடையைப் பற்றியதே இல்லை, மணியைப் பற்றியது.

பெரியவர்களிடம் இதற்குச் சில கணக்குகள் உண்டு. கூட்டம் உள்ள கடையில் பழையது தங்காது என்பது ஒன்று. சட்னியை முதலில் விரலில் தொட்டுப் பார் என்பது இன்னொன்று. முதலாவது முழுக்கச் சரியில்லை. கூட்டம் அதிகமென்றால் அண்டாவும் பெரிதாகத்தான் இருக்கும், பெரிய அண்டாவின் அடியில் இருப்பது காலையில் சமைத்ததுதான். சட்னிக் கணக்கு மட்டும் எனக்குத் தெரிந்து பொய்த்ததில்லை. இந்த ஊர் வெக்கையில் தேங்காய்ச் சட்னியை வெளியே வைத்தால் மதியம் தாண்டுவதற்குள் தண்ணீர் ஒரு பக்கமும் தேங்காய் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, ஓரத்தில் பொடிப்பொடியாய் நுரை கட்டும். அதன்மேல் புதிதாகக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் பார்வைக்கு இப்போதுதான் அரைத்தது போல் இருக்கும். கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினால் போதும், மூக்கு சொல்லிவிடும்.

வடையும் அப்படித்தான். காலையில் சுட்ட மசால்வடையை மாலையில் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தால் சூடாக வரும், நிறமும் நன்றாக ஏறியிருக்கும். ஆனால் ஓரம் பல்லை உடைக்கும், நடுவில் எண்ணெய் குடித்துக் கனக்கும். வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இல்லை. பேசாமல் தின்றுவிட்டு, அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுகிறார். நீங்களோ வியாபாரம் ஏன் குறைகிறது என்று வாடகையைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

"எங்க கடையில ஏ கிரேடு மாட்டியிருக்கோமே" என்பீர்கள். சரி. கடையின் சுத்தத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் இந்தத் தர எழுத்துகளை 1997 முதல் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். இப்போது ஒரு நாள் சோதனையை மட்டும் வைத்துத் தரம் போடாமல், கடையின் பல ஆண்டுப் பதிவையும் பார்க்கும் முறைக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு மாறிவருகிறது. நல்லதுதான். ஓராண்டுக்குள் 12 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும் என்ற பயமும் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து சொல்வது உங்கள் அடுப்படியைப் பற்றி, உங்கள் நடைமுறையைப் பற்றி. என் தட்டில் விழும் கோழிக்குழம்புக்கு எத்தனை மணி நேர வயது என்று அது சொல்லாது. சொல்லவும் முடியாது.

வயது ஏன் முக்கியம்? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். குளிர்பெட்டியில் இருந்தால் பயமில்லை, கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் பயமில்லை. இடையில் வெதுவெதுப்பாக நிற்பதுதான் ஆபத்து. உங்கள் கண்ணாடிப் பெட்டியின் அடியில் இருக்கும் வெந்நீர்த் தட்டு ஆறிப்போனால், அந்தப் பெட்டி முழுக்க இந்த இடைச்சூட்டில்தான் இருக்கும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி இன்னும் பொல்லாதது. அரிசி வெந்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும் நேரத்தில் முளைத்து நஞ்சைக் கக்குகின்றன. வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு, மறுபடி சூடு காட்டினாலும் போகாது. "நல்லா சூடு பண்ணித்தானே கொடுத்தோம்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

2009 ஏப்ரலை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் என்ற பொரித்த பலகாரக் கலவையைச் சாப்பிட்டு 150 பேருக்கு மேல் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். கடல் உணவில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமி, சமைக்காத பொருளிலிருந்து சமைத்த பொருளுக்குத் தாவியிருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். அது நேரத்தைவிடக் கையும் பலகையும் சம்பந்தப்பட்ட விவகாரம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தாவிய கிருமிக்குப் பெருக நேரம் வேண்டுமல்லவா? அந்த நேரத்தைக் கொடுப்பது நாம்தான்.

நான் கேட்பது புதுமை ஒன்றுமில்லை. விருந்துக்குச் சமைத்து அனுப்பும் கேட்டரிங்காரர்கள் எப்போது சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டி அனுப்ப வேண்டும் என்பது ஏற்கனவே விதி. சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு உள்ள மரியாதை காப்பிக்கடைப் பிரியாணிக்கு ஏன் இல்லை?

இந்த இடத்தில், உங்களில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் கட்டுமானத் தளத்தில் சாப்பிடும் மதியச் சாப்பாடு எப்போது சமைத்தது? பல இடங்களில் நடுராத்திரி தாண்டிச் சமைத்து, விடியுமுன் விடுதி வாசலில் இறக்குகிறார்கள். வேலைக்கு லாரி ஏறும்போது அந்தப் பிள்ளைகள் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போகிறார்கள். சோறு ஒரு பை, சாம்பார் ஒரு பை, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியது. தளத்தில் ஏதாவது ஒரு கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு முடிச்சை அவிழ்க்கும்போது சோறு பையின் வடிவத்திலேயே கட்டியாக நிற்கும். நான்கு மணி நேரக் கணக்கு அங்கே என்றைக்கோ தாண்டிப் போயிருக்கும். எனக்குத் தெரிந்த தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புளிச்ச சாம்பார்னு நெனச்சா எறங்காதுண்ணே, வத்தக்குழம்புன்னு நெனச்சுக்குவேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக் காசு குறைவு, விடியலுக்கு முன் இறக்கினால்தான் எல்லா விடுதிக்கும் வண்டி போய்ச் சேரும் என்ற உங்கள் கணக்கு புரிகிறது. முதலாளிகளும் ஒப்பந்தக்காரர்களும் காசு கூட்டிக் கொடுக்காமல் இது முழுதாகத் தீராது. ஆனால் மதியச் சாப்பாட்டை மட்டுமாவது பத்து மணிக்கு மேல் தளத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் முடிகிறதென்றால், மற்றவர்கள் முடியாது என்பதை நான் அப்படியே நம்பத் தயாராக இல்லை.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. வாடகை, மின்சாரம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி. இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க இந்திய உணவகங்களுக்கு வழி திறந்ததே 2023 செப்டம்பரில்தான். முருங்கைக்காயிலிருந்து மீன்வரை வெளியிலிருந்து வந்தாக வேண்டிய ஊர் இது, உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சாம்பாரைக் கீழே கொட்ட மனசு வராது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கமும் அடாவடி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்று முப்பது வகையும் வேண்டும் என்போம். "முடிஞ்சிருச்சுண்ணே" என்றால் முகத்தைச் சுளிப்போம். இருபது காசு ஏற்றினால் ஊரெல்லாம் சொல்லுவோம். முடிந்துபோகிற கடைதான் நல்ல கடை என்பது எங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது என்ன நடந்தது? உறைந்த கோழியில் சமைக்க மாட்டோம் என்று சில கோழிச்சோற்றுக் கடைகள் விற்பனையையே நிறுத்தத் துணிந்தன. மற்றவர்கள் உறைந்த கோழிதான் என்று சொல்லியே விற்றார்கள், சனம் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வாங்கித் தின்றது. உறைந்தது கெட்டதல்ல என்பது எங்களுக்கும் தெரியும். தெரியாமல் கொடுப்பதுதான் எரிச்சல்.

எல்லாப் பாத்திரத்துக்கும் எழுத ஆள் இல்லை என்றால் மூன்றில் தொடங்குங்கள்: சட்னி, சாம்பார், பிரியாணி. அழித்து எழுதும் பேனாவும் சின்ன அட்டையும் போதும். சட்னியைக் காலையில் ஒரே அரைப்பாக அரைக்காமல், மூன்று தடவையாக அரையுங்கள். மிக்சியைக் கழுவுகிற வேலைதான் கூடும். நாலு மணிக்கு மேல் முப்பது வகையைப் பத்தாகக் குறையுங்கள், அதில் இரண்டையாவது அப்போது சமையுங்கள். காலையில் செய்ததில் கெடாமல் இருப்பதை நேரம் போட்டு விலை குறைத்துக் கொடுங்கள். "காலை வடை, பாதி விலை" என்று ஒரு அட்டை வைத்தால் ஏழு மணிக்குள் தட்டு காலியாகிவிடும். வாங்கிப் போய் வடகறி வைக்க எங்கள் புளோக்கிலேயே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்